புருட்டும் புவா கெராஸும்

என் உடம்பில் என்ன இருக்கிறது என்பது மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. புருட் என்றார்கள். மலாய்க்காரர், சீனக் கடைக்காரர், கம்போங் செட்டிக்காரர்கள், எங்கள் தமிழர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது, எல்லா இனமும் ஒற்றுமையாக இருக்கவேண்டும் என்று மைதானத்துக்கு மைதானம் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. என் இடது விதையைப் பொறுத்தவரை அந்த ஒற்றுமை முன்கூட்டியே வந்துவிட்டது.

புருட் மலாய்ச் சொல். குடல் இறங்கினாலும் புருட், விதைப்பையில் நீர் கோத்தாலும் புருட், யானைக்கால் நோயில் பை வீங்கித் தொங்கினாலும் புருட். தமிழில் நாம் ஓதம் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறோமே, அதே வசதிதான். பெயர் வைத்தாகிவிட்டது என்றால் அப்புறம் யாரும் அவிழ்த்துப் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு இருந்தது புருட் இல்லை, புற்று. அதுவும் டாக்டர்களே புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த ஒரு வகைப் புற்று. இன்னும் கொஞ்ச காலம் அந்தப் பெயரை நம்பிக்கொண்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பெயர் வைத்தவர்கள் என் கருமாதிக்கு வந்து, வடை தின்று, "பாவம், புருட்ல போயிட்டாருலா" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இப்படிப்பட்ட இடத்தைப் பற்றியெல்லாம் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அவர்களுக்கு அங்கே ஏதாவது வந்தால் பார்த்துக்கொள்ள டிரெஸர் இருக்கிறார், அவர் கதை பின்னால் வருகிறது.

நான் அப்போது பஸ் கம்பெனியில் செக்கர். வழியில் ஏறி, பயணிகளின் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுக்கிற வேலை. ஒருநாள் வேலை முடிந்து வந்து குளிக்கும்போது சோப்பு போட்ட கையில் அது தட்டுப்பட்டது. இடது விதைக்குச் சற்று மேலே, தனியாக, ஒரு பட்டாணி அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. அமுக்கினாலும் வலி இல்லை. வலிக்காத கட்டியை யார் மதிக்கிறார்கள்? நானும் மதிக்கவில்லை. நெருப்பாக வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன்.

மழைக்காலம் வந்து போனது. பட்டாணி வளர்ந்தது. காக்கிக் கால்சட்டை அந்தப் பக்கம் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் பாக்கியத்திடம் சொன்னேன்.

பாக்கியம் என் மனைவி. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்ச் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில் பிறந்தவள். அவர்கள் வீட்டில் விளக்கேற்றுவார்கள், திருநீறு பூசுவார்கள், குலதெய்வத்துக்குக் கோயில் வைத்திருப்பார்கள், ஆனால் தமிழ் பேச வராது. மலாய்தான் பேச்சு, நடுவில் நம் சொல் நாலைந்து மிதக்கும். என்னை "பாங்" என்று கூப்பிடுவாள். மலாயில் அண்ணன் என்று அர்த்தம், கணவனுக்கும் அதே சொல். என் பஸ் கூட்டாளிகள் இதைக் கேட்டுவிட்டு, "என்னாலா மணியம், பொண்டாட்டிக்கு நீ அண்ணனா?" என்று சிரித்தே சில வருஷங்களை ஓட்டினார்கள். அவர்களுக்கு வேறு வேலை கிடையாது.

பாக்கியம் வெட்கப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, விரல்களால் மெல்லப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது.

"இனி புக்கான் ஆயர், பாங். கெராஸ். மாச்சாம் புவா கெராஸ்."

இது தண்ணீர் இல்லை, கெட்டியாக இருக்கிறது, புவா கெராஸ் மாதிரி என்றாள். புவா கெராஸ் என்பது இங்கே மிளகாய்ச் சம்பாலுக்கும் குழம்புக்கும் அரைத்துச் சேர்க்கிற ஒரு கொட்டை. ஓட்டை உடைக்க அம்மிக்குழவி வேண்டும், அவ்வளவு உறுதி. தினமும் அதை உடைத்து அரைக்கிறவளுக்கு அந்த உறுதி விரலிலேயே இருந்தது. ஆனால் மலாயில் புவா என்றால் பழம், காய், அதோடு ஆண்பிள்ளையின் அந்த உறுப்புக்கு மரியாதையாகச் சொல்கிற பெயரும் அதுவே. தமிழிலும் கொட்டை என்ற சொல் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். ஆக, அவள் பயந்துபோய்ச் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை, கேட்டவர்களுக்கெல்லாம் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது.

முதலில் சிரித்தவர் வேலு மாமா. பாக்கியத்தின் தாய்மாமன். நில அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவார், அதனால் அவருக்குத் தெரியாத விஷயம் எதுவும் உலகத்தில் இல்லை என்பது கம்போங் செட்டியின் நம்பிக்கை. அவருடைய நம்பிக்கையும் அதுவே.

"புவா கெராஸா? ஐயோ, இவ சமையல்கட்ட விட்டு வெளிய வரவே மாட்டாளா?" என்றார். மலாயில்தான் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன். "புருட்லா மணியம். பஸ்ஸுல நாள் பூரா நின்னுக்கிட்டே போற இல்ல? எல்லாம் கீழ இறங்கியிருக்கும். எங்க ஆபீஸ்ல பியூன் ஒருத்தனுக்கு இருந்துச்சு. தேங்கா அளவு. அவன் எழுபது வயசு வரைக்கும் நல்லாத்தான் இருந்தான்."

என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முழுக் கால்சட்டையோடு, எதிரே ஒரு கோப்பைக் காப்பியோடு அவர் என் நோயைக் கண்டுபிடித்தார். அந்தத் தேங்காய்க்காரப் பியூனை ஒரு தடவையாவது அவர் பார்த்திருப்பாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அவரே என்னை டிரெஸரிடம் அனுப்பினார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டி, மருந்து கலந்து கொடுத்துப் பழகியவர்களை இங்கே டிரெஸர் என்போம். நல்லவர்கள் எத்தனையோ பேர் உண்டு. இவர் ஓய்வுபெற்று, ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் ஒரு கடையின் பின்கட்டில் திரை தொங்கவிட்டுக்கொண்டு டாக்டரைவிடப் பெரிய டாக்டராகிவிட்டிருந்தார்.

"உக்காருங்க தம்பி. என்னா, ஓதமா?" என்றார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. தொடையைச் சற்று அகட்டி நடந்து வந்ததைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

"கட்டி மாதிரி இருக்கு ஐயா. கெட்டியா இருக்கு."

"எஸ்டேட்டுல நான் பாக்காத ஓதமா? தண்ணி சேந்திருக்கு. பவுடர் தரேன். லங்கோடு இறுக்கிக் கட்டுங்க."

பவுடரைத் தின்றேன். லங்கோடு கட்டினேன். கட்டி தன் பாட்டுக்கு வளர்ந்தது. மறுபடி போனபோது, "அப்ப தண்ணிய எடுத்துட வேண்டியதுதான்" என்று ஊசியை எடுத்தார். அப்போதுதான் முதன்முறையாகக் கால்சட்டையை இறக்கச் சொன்னார். அதுவும் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊசியைக் குத்தினார். எனக்குக் கண் இருண்டது. தண்ணீர் வரவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்தார். இரண்டு சொட்டு ரத்தம் வந்தது.

மனித மூளை இந்த இடத்திலாவது கொஞ்சம் அசையும் என்று எதிர்பார்ப்பீர்கள். டிரெஸர் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி கெட்டியாயிடுச்சு தம்பி. அடுத்த வாரம் பெரிய ஊசி போடுவோம்" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் இதைச் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. மறுநாள் காலையில் என் காக்கிச் சட்டையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, வெளுத்த சட்டை ஒன்றைக் கட்டில்மேல் வைத்தாள். "ஆஸ்பத்திரிக்கு" என்றாள். என் கல்யாண வாழ்க்கையில் அவள் எனக்குப் போட்ட முதல் உத்தரவு அது. அன்றைக்கு அவள் அதைப் போடாமல் இருந்திருந்தால் நான் பெரிய ஊசிக்குத்தான் போயிருப்பேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் பகுதி என்பது நீளமான பெஞ்சுகள் போட்ட ஒரு கூடம். பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் நகர நகர நாமும் தேய்த்துக்கொண்டே நகரவேண்டும். எனக்கு இருந்த இடத்தில் கட்டி இருப்பவன் அப்படித் தேய்த்துக்கொண்டு போவது எவ்வளவு சுகம் என்று சொல்லத் தேவையில்லை. வேலு மாமாவும் கூட வந்தார். யாரும் கூப்பிடவில்லை. "டாக்டர்கிட்ட இங்கிலீஸ்ல பேச ஆள் வேணாமா?" என்று கோட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் லிம் சின்ன வயதுக்காரர். மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், நம்மைப் போலவே சந்தை மலாய் பேசினார். அது தெரிந்தும் மாமா எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரு மனு வாசிப்பதுபோல் என் நோயை விளக்கினார். விதைநீர் வீக்கத்துக்கான ஆங்கிலப் பெயரை எங்கேயோ தேடிப் பிடித்து வைத்திருந்தார். அதை மூன்று முறை சொன்னார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே ஏதோ எழுத ஆரம்பித்தார். இங்கேயும் பெயர் வைத்தாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அப்போது என் பின்னால் நின்ற பாக்கியம், சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "டொக்டர், புவா கெராஸ்."

அங்கே நின்ற மிஸ்ஸி, தாதியைத்தான் இப்படிச் சொல்கிறோம், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமாவுக்கு மானம் போய்விட்டது. "ஆஸ்பத்திரியில வந்து சம்பால் பேச்சு பேசறியே!" என்று பல்லைக் கடித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீ தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன், டொக்டர்."

"ஓட்டோட இருக்கற புவா கெராஸா, உடைச்சதா?"

"ஓட்டோட" என்றாள்.

அவர் மாமாவை வெளியே போகச் சொன்னார். நோய்வாய்ப்பட்ட காலம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த முதல் ஆனந்தம் அது.

அதற்குப் பிறகு நடந்தது மிகச் சாதாரணம். ஜன்னலைச் சாத்தினார். என்னைப் படுக்கவைத்து, கையடக்கமான ஒரு டார்ச் விளக்கை எடுத்து, விதைப்பைக்குப் பின்னால் வைத்து எரியவிட்டார். வலது பக்கம் லேசாகச் சிவந்தது. இடது பக்கம் கட்டியின் இடத்தில் கறுப்பாகவே இருந்தது. தண்ணீர் என்றால் வெளிச்சம் ஊடுருவிச் சிவப்பாகத் தெரியும், கெட்டியான சதை என்றால் தெரியாது என்று விளக்கினார். அவ்வளவுதான் பரீட்சை. எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிற ஒரு டார்ச். இத்தனை மாதமாக என்னைச் சுற்றியிருந்த மேதாவிகள் யாருக்கும் ஒரு டார்ச்சை எரியவிடத் தோன்றவில்லை.

ஊசித் தழும்பைப் பார்த்தபோதுதான் அவர் முகம் கோணியது. யார் போட்டது என்று கேட்டார். சொன்னேன். மலாயில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, மிஸ்ஸியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

உண்மையை மறைக்காமல் சொன்னார். கட்டி விதையில் இல்லை. விதைக்கு ரத்தமும் மற்றதும் கொண்டுபோகிற ஒரு நாண் வயிற்றிலிருந்து இறங்கி வருகிறது. அந்த நாணைச் சுற்றியிருக்கிற சதையில் கட்டி இருக்கிறது. இது கெட்ட கட்டியாக இருக்கலாம். பையைக் கிழித்து எடுக்கக்கூடாது, உள்ளே இருப்பது தோலில் சிந்திவிடும். தொடை இடுக்குக்கு மேலே வெட்டி, நாணை மேலேயே கட்டி, கட்டியையும் விதையையும் சேர்த்து ஒரே துண்டாக வெளியே எடுக்கவேண்டும். ஊசி போன வழியில் இருக்கும் தோலையும் எடுக்கவேண்டும்.

"விதையில ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே டாக்டர், அதை ஏன் எடுக்கணும்?"

"ரெண்டும் ஒரே நாண்லதான் இருக்கு. நடுவுல வெட்டிப் பிரிக்கப் போனா, கட்டியோட துளி பின்னால தங்கிடும். அப்பறம் அது நுரையீரலுக்குப் போகும். போயிட்டா என் கையில ஒண்ணும் இல்ல."

ஒரு குற்றமும் செய்யாத விதை, கட்டிக்குப் பக்கத்தில் இருந்த பாவத்துக்குப் போகவேண்டும். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஆண்பிள்ளை அழலாமா என்று கேட்கிற வேலு மாமா வெளியே பெஞ்சில் இருந்தார்.

செய்தி நான் வார்டில் படுப்பதற்குள் காஜா பேராங் முழுக்கப் பரவிவிட்டது. பார்க்க வந்தார்கள். வார்டில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். ஆரஞ்சுப் பழத்தைக் கொண்டுவந்து, தாங்களே உரித்து, தாங்களே தின்றுகொண்டு நமக்கு தைரியம் சொல்வார்கள். ஒருவர் வெட்டுக்குச் சம்மதிக்காதே என்றார், கத்தி பட்டால் புருட் விஷமாகிவிடுமாம். இன்னொருவர் என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு போயிட்டா அப்பறம் குடும்பம் எப்படிலா?" என்றார். இவருக்கு இரண்டும் இருந்தும் குடும்பம் எப்படி நடக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். நான் தண்ணீர் குடித்தேன்.

மாமா கடைசி முயற்சியாக பாக்கியத்தைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். ஜன்னல் பக்கம் நின்று பேசியது எனக்குக் கேட்டது.

"நல்லா யோசிச்சுப் பாரு. உனக்குப் பிள்ளை வேணாமா? டிரெஸர் பெரிய ஊசி போடறேன்னு சொல்றாரு. ஒரு தடவை போட்டுப் பாத்துட்டா என்னா?"

"எனக்கு அவரு வேணும், மாமா" என்றாள் அவள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவளுக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறேன். அதை அவளிடம் சொன்னதில்லை. இங்கே எழுதிவிட்டேன், யாராவது அவளுக்கு மலாயில் படித்துச் சொல்லட்டும்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முகத்தில் ஒரு மூடியை வைத்தார்கள், இனிப்பும் எரிச்சலும் கலந்த ஒரு வாடை வந்தது, எண்ணச் சொன்னார்கள், எண்ண ஆரம்பித்ததுதான் ஞாபகம். விழித்தபோது அடிவயிற்றில் யாரோ கொதிக்கிற இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. வாந்தி வந்தது, வாந்தி எடுக்கும்போது தையல் இழுத்தது. இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது என்றாள் மிஸ்ஸி. சிரிக்க வேண்டிய அவசியம் இல்லாமல்தான் இருந்தது, வேலு மாமா வந்து, "எல்லாம் நல்லதுக்குத்தான், நான் அப்பவே சொன்னேன் இல்ல?" என்று கேட்கும்வரை. சிரித்துவிட்டேன். உயிர் போகிற வலி.

வெட்டி எடுத்ததை ஒரு கண்ணாடி ஜாடியில் மருந்துத் தண்ணீரில் போட்டு, கோலாலம்பூரில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அதை மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்து என்ன வகை என்று சொல்வார்களாம். என் உடம்பின் ஒரு பகுதி எனக்கு முன்னால் தலைநகரைப் பார்த்துவிட்டது. பதில் வரும்வரை காத்திருக்கவேண்டும்.

அந்தக் காத்திருப்புக்கு நடுவில்தான் மெர்டேக்கா வந்தது. வார்டில் மிஸ்ஸிகள் காகிதக் கொடி ஒட்டினார்கள். யாரோ ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தார்கள். நடக்க முடிந்தவர்கள் எழுந்து நின்று கோஷம் போட்டார்கள். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த லோரி டிரைவர், "மணியம், நாமெல்லாம் சுதந்திரம் ஆயிட்டோம்லா!" என்றார். எனக்கு அப்போது சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தது. பாத்திரம் கொண்டுவர வேண்டிய ஆள் ரேடியோ பக்கம் நின்று கொடி ஆட்டிக்கொண்டிருந்தான். நாடு விடுதலையான நேரத்தில் நான் கேட்டது ஒரு தகரப் பாத்திரம், அது வர வெகுநேரம் ஆனது. வெளியே பட்டாசு வெடித்தது. எல்லோரும் ஒரு புது வாழ்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, என்னுடையது முடிந்துவிடுமா என்று தெரியாமல் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பொறாமையாக இருந்தது. இப்படி ஒரு பொறாமை என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

பாக்கியம் தினமும் சோறு கொண்டுவந்தாள். அரசாங்கச் சாப்பாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, சாப்பாடு என்று சொன்னால்தானே சொல்லவேண்டும். அவள் கொண்டுவந்த சம்பால் மட்டும் வழக்கத்துக்கு மாறாக நீர்த்துப் போயிருந்தது.

"என்ன இது, தண்ணியா இருக்கு?"

"புவா கெராஸ் போடல, பாங்" என்றாள். "கையில எடுக்க முடியல."

நான் அதற்கப்புறம் சம்பாலைக் குறை சொல்லவில்லை.

பதில் வந்தது. டாக்டர் லிம் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரும்பாலான புற்றுகள் தோலிலும், உறுப்புகளின் உள்புறத்துத் தோலிலும் தொடங்குபவை. இது தசை, கொழுப்பு, நார் இவற்றில் தொடங்குவது. சார்கோமா என்று பெயர். கை, கால், தொடையில் வருவதே அபூர்வம், இந்த நாணில் வருவது அதைவிட அபூர்வம். எனக்கு வந்தது நாணைச் சுற்றியிருக்கிற மெல்லிய தசையிலிருந்து பிறந்த வகை. வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறது. நெஞ்சுப் படம் எடுத்தார்கள், நுரையீரலும் சுத்தம். ஆனால் அந்த ஊசி குத்திய இடத்தை நம்ப முடியாது, அதனால் சிங்கப்பூருக்குப் போய் எக்ஸ்ரே கதிரால் அந்த இடத்தைச் சுட்டுவிட்டு வருவது நல்லது என்றார்.

அபூர்வம் என்ற அந்தச் சொல் வந்ததிலிருந்து எனக்கு ஆஸ்பத்திரியில் தனி மதிப்பு. வேறு டாக்டர்கள் வந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் தையலைக் குனிந்து பார்த்துவிட்டு, "அருமை" என்று என்னிடம் சொன்னார். எனக்கு லாட்டரி விழுந்ததுபோல் கையைக்கூடக் குலுக்கினார். மாதக்கணக்கில் ஒருவரும் பார்க்க விரும்பாத இடத்தை இப்போது வரிசையில் நின்று பார்த்தார்கள்.

சிங்கப்பூரில் பாக்கியத்தின் ஒன்றுவிட்ட அக்காள் வீட்டில் தங்கி, கதிர் வைத்தியத்துக்குப் போனோம். ஒரு பெரிய இயந்திரத்துக்கு அடியில் படுக்கவைத்து, மிச்சமிருந்த வலது பக்கத்தை ஈயத்தகட்டால் மூடி, எல்லோரும் அறையைவிட்டு ஓடிவிடுவார்கள். நான் மட்டும் தனியாகக் கிடப்பேன். வலி இல்லை. நாள் போகப் போக அந்த இடத்துத் தோல் அப்பளம்போல் கருகிச் சுருங்கியது. உள்ளாடை பட்டால் எரியும். பாக்கியம் தன் பழைய சாரோங் ஒன்றை, நம் கைலி மாதிரிதான், கிழித்து, பலமுறை துவைத்து மெத்தென்று ஆக்கி, எனக்குக் கட்டிக்கொள்ளக் கொடுத்தாள். பூப்போட்ட சாரோங். அதைக் கட்டிக்கொண்டு நான் சிங்கப்பூர் வராந்தாவில் உட்கார்ந்திருந்ததை யாரும் படம் எடுக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் படம் எடுக்கவேண்டும் என்றார்கள். இந்த நோய் திரும்பினால் பெரும்பாலும் நுரையீரலில்தான் தலைகாட்டுமாம். படம் எடுத்துவிட்டு, டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற அந்தச் சில நொடிகள் இருக்கிறதே, அதற்கு ஈடான சித்திரவதை எதையும் நான் அறியேன். சாதாரண இருமல் வந்தால்கூட பாக்கியம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் டாக்டர் லிம் படத்தை மேசைமேல் போட்டுவிட்டு, "இனி வருஷத்துக்கு ஒருதடவை வந்தா போதும்" என்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சம்பால் கெட்டியாக இருந்தது. நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

பிள்ளை பிறந்ததா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அது அவர்கள் வேலை இல்லை.

எங்கள் தெருவில் எனக்கு வந்தது புருட்தான் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். "புருட் ஆப்ரேசன் பண்ண செக்கர்" என்றால்தான் என் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். டிரெஸர் திரைக்குப் பின்னால் ஊசி போட்டுக்கொண்டேதான் இருக்கிறார். அவரிடம் போகிறவர்களைப் பிடித்து நான் சொல்லிப் பார்த்தேன். கேட்டுவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, அவரிடமே போகிறார்கள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் வேலு மாமா வந்தார். பாராளுமன்றத்தைப் பற்றிப் பேசினார். விலைவாசியைப் பற்றிப் பேசினார். காப்பி ஆறிப்போனது. பாக்கியத்தை ஏதோ சாக்குச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, கழுத்தைச் சொறிந்தார்.

"மணியம், எனக்கும் அது."

"எது மாமா?"

அவரைச் சொல்ல வைக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் சாரோங்கின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். நில அலுவலகத்து கிளார்க், ஆங்கிலப் பத்திரிகைக்காரர், மூன்று முறை இங்கிலீஷ் பெயர் சொன்னவர்.

"டிரெஸர்கிட்ட போகலியா?" என்றேன். இந்த ஒரு கேள்வியை நான் இரண்டு வருஷத்துக்கு மேலாக நாக்கில் வைத்திருந்தேன்.

"பயமா இருக்குலா."

நான் எழுந்து கதவைத் தாழிட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். சிங்கப்பூரிலிருந்து வந்ததும் முதல் வேலையாக நான் வாங்கி வைத்த டார்ச் அலமாரியில் இருந்தது. சாரோங்கைத் தூக்கச் சொன்னேன். அவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்தபடி நின்றார். கண்ணில் நீர் நின்றது. இடது பக்கம் வீங்கித்தான் இருந்தது. பின்னால் வைத்து விளக்கை எரியவிட்டேன்.

சிவந்தது. முழுக்க, ஒரே சீராக, உள்ளே கறுப்பு எதுவும் இல்லாமல் சிவந்தது.

உள்ளேயிருந்து பாக்கியத்தின் குரல் கேட்டது. அவள் போகவே இல்லை போலிருக்கிறது, கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள்.

"கெராஸா, பாங்?"

"இல்ல. ஆயர், தண்ணிதான்" என்றேன். பிறகு, இனி என் வாயால் சொல்லமாட்டேன் என்று வைத்திருந்த அந்தச் சொல்லையும் சொன்னேன். "புருட்தான் மாமா. நாளைக்கு நானே உங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அவரு பாத்துச் சொன்னாத்தான் உறுதி."

அவர் சாரோங்கை இறக்கவில்லை. சாமி படத்தைவிட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை.

"நல்லா பாத்தியா, மணியம்?" என்று கேட்டார்.

நான் மறுபடியும் குனிந்து, விளக்கை வைத்துப் பார்த்தேன்.